நீச்சல் குளத்துக் குளோரினும் தோல் அரிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை விடுமுறையில் நீச்சல் முகாம்கள் நிறையத் தொடங்கியதும், பிள்ளைகளின் தோல் வறண்டு அரிக்கிறது என்ற கவலையும் கூடவே வந்துவிடுகிறது. மாநகராட்சிக் குளமானாலும், பள்ளிக் குளமானாலும், அடுக்குமாடிக் குடியிருப்பின் குளமானாலும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றேதான். அவற்றுக்கான விடைகள் கீழே உள்ளன. இவை பொதுவான விளக்கங்கள் மட்டுமே. தோலை நேரில் பார்த்துச் சொல்லும் மருத்துவரின் கருத்துக்கு மாற்றாகா.

குளத்திலிருந்து ஏறியதும் தோல் இழுத்துப் பிடிப்பதும் அரிப்பதும் ஏன்?

தோலின் மேலடுக்கு, இறந்த செல்களும் அவற்றின் இடைவெளிகளை நிரப்பும் கொழுப்புப் பொருள்களும் சேர்ந்த மெல்லிய படலம். உடலின் ஈரத்தை வெளியேறாமல் காப்பதும், வெளிப்பொருள்களை உள்ளே விடாமல் தடுப்பதும் அதன் வேலை. தண்ணீரில் முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஊறும்போது இந்தப் படலம் உப்பி, அதிலுள்ள ஈரம் காக்கும் பொருள்கள் கரைந்து போகின்றன. வெறும் கிணற்று நீரில் ஊறினாலும் ஓரளவு இது நடக்கத்தான் செய்யும். குளத்து நீரில் இரண்டு காரணங்கள் கூடுதலாகச் சேர்கின்றன. குளோரின் ஆக்ஸிஜனேற்றும் தன்மை கொண்டது என்பதால் தோலின் கொழுப்போடும் புரதத்தோடும் வினைபுரிகிறது. மேலும், தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சற்று அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஏறத்தாழ 5. குளத்து நீரோ 7.2 முதல் 7.8 வரை வைக்கப்படுகிறது. இவை எல்லாம் சேர்ந்து, கரையேறி உடல் உலரும் நேரத்தில், தோல் முன்பிருந்ததைவிட வறண்டு போகிறது. அதன் பிறகு வெயிலில் நடந்தாலோ, குளிரூட்டிய காரில் ஏறி உட்கார்ந்தாலோ அந்த இழுப்பு இன்னும் நன்றாகத் தெரியும்.

குளோரின் வாடை மூக்கைத் துளைத்தால், குளோரின் அளவுக்கு மீறிப் போட்டுவிட்டார்கள் என்றுதானே பொருள்?

பெரும்பாலும் இல்லை. பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இந்த இடத்தைத்தான். தண்ணீரில் போடப்படும் குளோரின் இரண்டு நிலைகளில் இருக்கும். கிருமியைக் கொல்லத் தயாராக இருப்பது தனிநிலைக் குளோரின். வியர்வை, சிறுநீர், உடல் அழுக்கு ஆகியவற்றிலுள்ள யூரியா, அம்மோனியா போன்ற நைட்ரஜன் பொருள்களோடு சேர்ந்து தன் வேலையைத் தொலைத்துவிட்டது பிணைந்த குளோரின். இந்தப் பிணைந்த வகையைக் குளோரமைன்கள் என்பார்கள். அவற்றில் டிரைகுளோரமைன் எளிதில் ஆவியாகி நீர்ப்பரப்பின் மேலே தேங்கி நிற்கும். நாம் குளோரின் வாடை என்று சொல்லும் அந்தக் காரமான நெடி பெரும்பாலும் இதனுடையது. கண்ணெரிச்சலுக்கும், மூடிய அரங்குக் குளங்களில் வரும் இருமலுக்கும் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

ஆகவே, நெடி தூக்கலாக அடிக்கும் குளத்தில் உண்மையில் பற்றாக்குறையாக இருப்பது தனிநிலைக் குளோரினாகவே இருக்கக்கூடும். நன்றாகப் பராமரிக்கப்படும் குளத்தில் நெடி மிக இலேசாகவே இருக்கும். ‘வாடை வருகிறது, அப்படியானால் தண்ணீர் சுத்தம்’ என்று பெற்றோர் நிம்மதியடைவதைப் பார்க்கும்போதெல்லாம் இதை உரக்கச் சொல்லத் தோன்றுகிறது.

இதற்கான மருந்து குளத்தில் இல்லை. குளத்துக்கு வெளியே, பலரும் ஒப்புக்கு நனைந்துவிட்டுக் கடந்துபோகும் ஷவரில் இருக்கிறது. இறங்குவதற்கு முன் ஒரு நிமிடமாவது உடல் முழுவதும் நனையக் குளித்தால், குளோரினை வீணடிக்கும் வியர்வையிலும் அழுக்கிலும் பெரும்பகுதி போய்விடும். சிறு பிள்ளைகளை மணிக்கு ஒருமுறை கழிவறைக்கு அழைத்துச் செல்வதும் இதே கணக்கில் சேரும். குளித்து முடித்தபின் பூசும் எந்த விலையுயர்ந்த களிம்பைவிடவும் இவை இரண்டும் அதிகப் பயன் தரும் என்பது என் கருத்து. ஆனால் குளத்தைப் பயன்படுத்துகிறவர்களில் ஒருவர் மட்டும் செய்தால் போதாது என்பதே இதிலுள்ள சிக்கல்.

இது குளோரின் அலர்ஜியா?

பொதுவாக அலர்ஜி என்று சொல்லப்பட்டாலும், பெரும்பாலானோருக்கு வருவது எரிச்சல்வகைத் தோல் அழற்சி. அலர்ஜியில் உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் ஒரு பொருளை அடையாளம் கண்டு எதிர்க்கும். மிகச் சிறிய அளவும் போதும். எரிச்சல்வகையிலோ அளவும் நேரமும்தான் முக்கியம்: இருபது நிமிடம் நீந்தினால் ஒன்றுமில்லை, ஒன்றரை மணி நேரம் நீந்தினால் அரிப்பு என்றிருந்தால் அது பெரும்பாலும் எரிச்சலே. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வதில் பயன் உண்டு. அலர்ஜி என்றால் அந்தப் பொருளை முற்றிலும் தவிர்க்க வேண்டியிருக்கும். எரிச்சல் என்றால் நேரத்தைக் குறைத்தும் தோலைப் பேணியும் நீச்சலைத் தொடரலாம்.

அரிப்புக்கு எது காரணம் என்று எப்படிப் பிரித்தறிவது?

இரண்டு விவரங்களைக் குறித்துக்கொண்டால் பாதி விடை கிடைத்துவிடும்: எத்தனை நேரம் கழித்து வந்தது, உடலில் எங்கே வந்தது.

ஏறிய சிறிது நேரத்தில் கை, கால், முதுகு என்று பரவலாக வறட்சியும் அரிப்பும் வந்து, ஈரப்பசை தரும் களிம்பு தடவியதும் அடங்கினால், மேலே சொன்ன எரிச்சல்தான். தண்ணீரில் இறங்கிய உடனேயே அக்குளிலும் தொடையிடுக்கிலும், புதிதாகச் சவரம் செய்த இடத்திலும் சுரீரென்று எரிந்தால், தண்ணீரின் வேதிச் சமநிலையில் கோளாறு இருக்கலாம். பிளீச்சிங் பவுடரை அப்போதுதான் கொட்டியிருக்கவும்கூடும். அப்படிப்பட்ட நேரத்தில் வெளியே வந்து நல்ல தண்ணீரில் கழுவிக்கொள்ள வேண்டுமே தவிர, பழகிவிடும் என்று நீந்திக்கொண்டிருக்கக் கூடாது.

ஓரிரு நாள் கழித்து, ரோமக்கால்களைச் சுற்றிச் சிவந்த பருக்கள், சிலவற்றில் சீழ்முனையோடு, குறிப்பாக நீச்சலுடை மூடியிருந்த பகுதியில் நெருக்கமாகத் தோன்றினால், குற்றவாளி குளோரின் அன்று, குளோரின் இல்லாமைதான். சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா, கிருமிநாசினி குறைந்த தண்ணீரில் பெருகி ரோமக்கால்களில் புகுந்துவிடுகிறது. விடுதிகளிலுள்ள வெந்நீர்த் தொட்டிகளில் இது அதிகம், ஏனெனில் சூட்டில் குளோரின் விரைவில் தீர்ந்துவிடும். நலமாக உள்ளவர்களுக்கு இது பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே மறைந்துவிடும்.

கண்ணைச் சுற்றி வளையமாகச் சிவந்து அரித்தால் நீச்சல் கண்ணாடியின் ரப்பர் விளிம்பைச் சந்தேகிக்க வேண்டும். நெற்றியில் பட்டையாக வந்தால் தொப்பியை. ரப்பர் தயாரிப்பில் சேர்க்கப்படும் வேதிப்பொருள்களுக்கு உண்மையான அலர்ஜி உள்ளவர்கள் இருக்கிறார்கள்; சிலிகான் விளிம்புள்ள கண்ணாடிக்கு மாறியதும் பலருக்குச் சரியாகிவிடும். தொடையிடுக்கில் வட்டமாகத் தொடங்கி, ஓரம் தடித்து, வாரக்கணக்கில் விரிந்துகொண்டே போனால் அது படர்தாமரை. ஈர உடையோடு வெகுநேரம் உட்கார்ந்திருப்பதும், ஒரே துண்டைப் பலர் பயன்படுத்துவதும் அதற்கு வழி செய்கின்றன.

தண்ணீரில் இறங்கிய சில நிமிடங்களில் கொசுக்கடி போன்ற தடிப்புகள் உடலெங்கும் எழும்பி, சில மணி நேரத்தில் சுவடில்லாமல் மறைந்தால் அது காணாக்கடி. சிலருக்குக் குளிர்ந்த நீரே அதைத் தூண்டிவிடும். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குளிரால் வரும் காணாக்கடி உள்ளவர் குளிர்ந்த நீரில் முழுதாக இறங்கினால், இரத்த அழுத்தம் சட்டென்று குறைந்து நீருக்குள்ளேயே மயங்கிவிடும் ஆபத்து உண்டு. மருத்துவரைப் பார்க்காமல் அவர் மறுபடி நீந்தக் கூடாது. தனியாக ஒருபோதும் கூடாது.

கரப்பான் உள்ள குழந்தையை நீச்சல் வகுப்புக்கு அனுப்பலாமா?

பெரும்பாலும் அனுப்பலாம். முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்மடிப்பிலும் தோல் தடித்துச் சிவக்கும் அடோபிக் வகைக் கரப்பான் உள்ள பிள்ளைகளுக்கு, ஈரம் காக்கும் படலம் ஏற்கெனவே பலவீனமானது. அத்தகைய தோல், குளியல் நீரில் எஞ்சியிருக்கும் குளோரினால் ஈரம் தக்கவைக்கும் திறனை மற்றவர்களைவிட எளிதில் இழக்கிறது என்று ஜப்பானில் 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே கவனம் கூடுதலாக வேண்டும் என்பது உண்மை.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. அடிக்கடி கிருமித்தொற்று ஏற்படும் கரப்பானுக்குச் சில தோல் மருத்துவர்கள் பிளீச் கலந்த குளியலையே பரிந்துரைக்கிறார்கள். அதில் பிளீச்சின் செயல்பொருளான ஹைப்போகுளோரைட்டின் செறிவு 0.005 விழுக்காடு, அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம். பொதுக் குளத்தில் இருக்க வேண்டிய தனிநிலைக் குளோரினோ லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம்தான். வெறும் தண்ணீர்க் குளியலைவிட அந்தச் சிகிச்சை எவ்வளவு மேலானது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வீட்டிலிருக்கும் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து யாரும் முயலவும் கூடாது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அந்தக் குளியல் பத்து நிமிட அளவில் முடிந்து, உடனே ஈரப்பசைக் களிம்பு தடவப்படுகிறது. குளத்திலோ குழந்தை ஒரு மணி நேரம் ஊறிவிட்டு, அப்படியே துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. வறட்சிக்குக் குளோரினின் அளவைவிட இந்தப் பழக்கமே பெரிய காரணம்.

தோல் வெடித்து நீர் கசியும்போதும், சொறிந்த புண்கள் திறந்திருக்கும்போதும் சில நாள் நிறுத்தி வையுங்கள். மற்ற நாள்களில் முதல் வாரம் பதினைந்து இருபது நிமிடத்தோடு தொடங்கி, தோல் எப்படி இருக்கிறது என்று பார்த்து நேரத்தைக் கூட்டலாம். பயிற்சியாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால், மற்ற பெற்றோர் அதைத் தொற்றுநோய் என்று நினைத்துக் குழந்தையை ஒதுக்கும் சங்கடம் நேர்கிறது. கரப்பான் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை.

இறங்குவதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாமா?

மடிப்புகளிலும் வறண்ட திட்டுகளிலும் மெல்லியதாகத் தடவலாம். பெட்ரோலியம் ஜெல்லி இன்னும் நன்றாக ஒட்டி நிற்கும். ஆனால் எண்ணெய்க் குளியல்போல் உடல் முழுவதும் வழிய வழியப் பூசிக்கொண்டு இறங்கினால் அது நீர்ப்பரப்பில் படிந்து வடிகட்டியை அடைக்கும். சிறு குழந்தையைத் தூக்கும்போது கை வழுக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. தடவிய பின் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு இறங்குவது நல்லது.

நீந்தி முடித்தபின் எப்படிக் குளிப்பது? கடலை மாவு தேய்த்தால் குளோரின் போய்விடுமா?

குளத்தின் பக்கத்திலேயே, உடல் உலருவதற்குள், வெதுவெதுப்பான அல்லது சாதாரண நல்ல தண்ணீரில் குளிக்க வேண்டும். நீச்சலுடையைக் கழற்றிவிட்டுக் குளிப்பது முக்கியம். துணியில் தேங்கிய குளத்து நீர் அக்குளையும் இடுக்கையும் தொடர்ந்து அரித்துக்கொண்டிருக்கும். வாசனையற்ற மென்மையான சோப்பு போதும், அதுவும் தேவையான இடங்களுக்கு மட்டும். நார் போட்டுத் தேய்ப்பதும், கடலை மாவும் பயத்தம்பருப்பு மாவும் கொண்டு அழுத்தித் தேய்ப்பதும், எலுமிச்சைச் சாறு பூசுவதும் ஏற்கெனவே உரிந்திருக்கும் படலத்தை மேலும் உரித்துவிடும். எலுமிச்சைக்கு இன்னொரு தீங்கும் உண்டு: அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருகியதுபோல் கறுத்துவிடலாம்.

துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுவதும் காய்வதற்குள், இரண்டு மூன்று நிமிடத்துக்குள், வாசனையில்லாத ஈரப்பசைக் களிம்பைத் தடவ வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் பாதிப் பயன் போய்விடும் என்பதால், களிம்பு டப்பாவை நீச்சல் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வைட்டமின் சி கரைசல்கள் குளோரினைச் செயலிழக்கச் செய்யும் என்பது வேதியியல்படி சரிதான். ஆனால் நன்றாகக் குளிப்பவருக்கு அவை அவசியமில்லை.

மருந்துக்கடையில் அரிப்புக்கு ஒரு ட்யூப் வாங்கித் தடவலாமா?

கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ட்யூப்களில் பல, வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் பாக்டீரியா மருந்தும் ஒன்றாகக் கலந்த களிம்புகள். தடவியதும் அரிப்பு அடங்கிவிடும், அதுதான் ஆபத்து. அரிப்பின் காரணம் படர்தாமரை என்றால், ஸ்டீராய்டு சிவப்பை மட்டும் மறைத்துவிட்டுப் பூஞ்சையை வளரவிடும். சில வாரம் கழித்து அது வடிவம் மாறி, எந்த மருந்துக்கும் எளிதில் அசையாத நிலைக்குப் போய்விடுகிறது. இந்தியத் தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்துவரும் தொல்லை இது. தொடையிடுக்கிலும் முகத்திலும் நாள்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து வரிகள் விழும். சாதாரண எரிச்சலுக்குக் கலமைன் லோஷனும் ஈரப்பசைக் களிம்பும் போதும். அதற்கு மேல் தேவைப்பட்டால் மருத்துவரே எழுதித் தரட்டும்.

எங்கள் குடியிருப்புக் குளத்தில் பலருக்கும் அரிக்கிறது. எதைச் சோதிக்க வேண்டும்?

ஒருவருக்கு மட்டும் என்றால் அவர் தோலைப் பார்க்க வேண்டும். பலருக்கும் என்றால் தண்ணீரைப் பார்க்க வேண்டும். முதலில் பி.எச்., அடுத்துத் தனிநிலைக் குளோரின், அதற்கடுத்துப் பிணைந்த குளோரின்.

பி.எச்.-ஐ முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. குளோரின் தண்ணீரில் ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் ஹைப்போகுளோரைட் அயனியாகவும் பிரிந்து நிற்கிறது. கிருமியைத் திறமையாகக் கொல்வது முதலாவது. பி.எச். 7.5 என்றால் ஏறத்தாழப் பாதி அந்த வடிவில் இருக்கும். 8-ஐத் தொட்டால் கால்பங்குதான். நம் ஊர்க் குளங்கள் பலவற்றை நிரப்புவது ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரித் தண்ணீரும். அவற்றில் காரத்தன்மை கூடுதலாக இருந்தால் பி.எச். மேலே ஏறிக்கொண்டே இருக்கும். அதில் சுண்ணாம்பு கலந்த பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் இன்னும் ஏறும். கிருமி சாகவில்லை, தண்ணீர் பச்சை தட்டுகிறது என்று மேலும் கொட்டுவார்கள். தோல் எரியும், கண் எரியும், தண்ணீரோ தெளியாது. இந்த நிலையில் குடியிருப்போர் சங்கம் கூடிக் ‘குளோரினைக் குறையுங்கள்’ என்று தீர்மானம் போடுவது நோயை இன்னொரு பக்கம் தள்ளிவிடுவதாகும். சரிசெய்ய வேண்டியது பி.எச்.

சோதனைப் பெட்டியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சொட்டு விட்டதும் மஞ்சளாக மாறும் ஆர்த்தோடாலிடின் சோதனை, மொத்தக் குளோரினை மட்டுமே காட்டும். அதில் எவ்வளவு வேலைக்கு உதவும், எவ்வளவு செத்தது என்று தெரியாது. இளஞ்சிவப்பாக மாறும் டி.பி.டி. சோதனையில் முதல் மாத்திரை தனிநிலைக் குளோரினைக் காட்டும். அடுத்த மாத்திரையைச் சேர்த்ததும் நிறம் ஆழமானால், அந்தக் கூடுதல்தான் பிணைந்த குளோரின். அது லிட்டருக்கு 0.4 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. குளோரின் மிக மிக அதிகமாக இருந்தால் அந்த இளஞ்சிவப்பு பளிச்சென்று தோன்றி உடனே வெளுத்துவிடும். அதைப் பார்த்துக் குளோரினே இல்லை என்று முடிவு கட்டி மேலும் ஒரு வாளி கரைத்து ஊற்றும் விபரீதமும் நடப்பதுண்டு. சந்தேகம் வந்தால், மாதிரி நீரோடு குளோரின் இல்லாத நல்ல தண்ணீரைச் சமமாகக் கலந்து மறுபடி சோதித்து, வரும் அளவை இரட்டித்துக்கொள்ளலாம். மாதிரியை நீர்ப்பரப்பிலிருந்து அள்ளாமல், முழங்கை ஆழத்திலிருந்து, நீர் உள்ளே வரும் துளைகளுக்கு எட்டி எடுக்க வேண்டும். காலையில் யாரும் இறங்காதபோது பார்த்தால் அளவு அழகாகத்தான் இருக்கும்; மாலைக் கூட்டத்தின்போது பாருங்கள்.

பிணைந்த குளோரின் ஏறிவிட்டால், குளத்தை மூடிவைத்து, அதன் அளவைப்போல் பத்து மடங்கு வரை தனிநிலைக் குளோரினை உயர்த்தி, அந்தக் குளோரமைன்களைச் சிதைப்பதும், ஒரு பகுதி நீரை வெளியேற்றிப் புதுநீர் சேர்ப்பதும் வழக்கமான வழிகள். குளோரின் மறுபடி இயல்பு அளவுக்கு இறங்கும்வரை யாரும் இறங்கக் கூடாது. ஒரு வேலை மட்டும் பயிற்சி இல்லாதவர் கைக்குப் போகவே கூடாது: அமிலத்தையும் குளோரின் பொருள்களையும் ஒன்றாகக் கலந்தால் நச்சுவாயு கிளம்பும், இரண்டையும் ஒரே அலமாரியில் வைப்பதும் தவறு.

உப்பு நீர்க் குளம் என்றால் குளோரின் கிடையாதுதானே?

உண்டு. கரைந்த உப்பிலிருந்து மின்னாற்பகுப்பால் அங்கேயே குளோரின் தயாராகிறது. அளவு சீராக இருப்பதால் சிலருக்கு இதமாக இருக்கலாம். ஆனால் வியர்வையும் சிறுநீரும் சேர்ந்தால் அங்கும் அதே குளோரமைன்தான்.

கண் சிவப்பதும் முடி கரடுமுரடாவதும் இதனால்தானா?

கண் சிவப்புக்கு மேலே சொன்ன குளோரமைன்கள் முக்கியக் காரணம். நன்றாகப் பொருந்தும் கண்ணாடி அணிவதே தீர்வு. கான்டாக்ட் லென்ஸோடு நீந்துவது கடுமையான கண் தொற்றுக்கு இடம் தரும் என்பதால் அறவே கூடாது. முடியைப் பொறுத்தவரை, இறங்குமுன் நல்ல தண்ணீரில் நனைத்துவிட்டால் அது குளத்து நீரை அவ்வளவாக உறிஞ்சாது.

கிணற்றிலும் குளத்திலும் குளித்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லையே?

குளோரின் எரிச்சல் இல்லை என்பது சரி. ஆனால் நத்தையும் வாத்தும் மாடும் புழங்கும் ஊர்க்குளங்களில், ஒட்டுண்ணியின் இளம்பருவப் புழுக்கள் தோலில் துளைத்து, நீரில் நனைந்த இடமெல்லாம் அரிக்கும் செம்புள்ளிகளை உண்டாக்குவதுண்டு. சேற்றுப்புண்ணும் சொறியும் அன்றும் இருந்தன. அவற்றுக்கு யாரும் தண்ணீரைக் குறை சொல்லவில்லை, அவ்வளவுதான். பலர் சேர்ந்து இறங்கும் தேங்கிய நீரில் கிருமிநாசினி இல்லாமல் வயிற்றுப்போக்கையும் காதுத் தொற்றையும் தடுக்க முடியாது. சிறிது வறட்சிக்காக அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பது நட்டமான பேரம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

உதடோ கண்ணிமையோ வீங்கினாலும், மூச்சு இறைத்தாலும், தலை சுற்றினாலும் தாமதிக்காமல் அவசரச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலோடு சீழ்ப்பருக்கள், நீர் கசியும் புண்கள், கண்ணில் வலியும் பார்வை மங்கலும் இருந்தால் அன்றே காட்ட வேண்டும். நீரிழிவு உள்ளவர்களும், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்களும் ரோமக்கால் பருக்களைத் தானாக ஆறட்டும் என்று விட்டுவிடக் கூடாது. மற்றவர்கள், ஒரு வாரம் நீந்தாமல் இருந்து ஈரப்பசைக் களிம்பு தடவியும் அரிப்பு குறையாவிட்டால் தோல் மருத்துவரைப் பார்க்கலாம். போகும்போது, தடிப்பு அதிகமாக இருந்த நாளில் கைப்பேசியில் எடுத்த படத்தையும், இதுவரை தடவிய ட்யூப்களையும், நீச்சல் கண்ணாடி, தொப்பி, உடை ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். ரப்பர் அலர்ஜிக்கான ஒட்டுச் சோதனை செய்ய நேர்ந்தால், கண்ணாடியின் விளிம்பிலிருந்து ஒரு துண்டையே வெட்டி வைத்துப் பார்ப்பார்கள்.